ஷைன் குடும்பத்தின் அசலும் நகலும்

லுபிஷ்னாவில் எங்கள் சபைக்குத் தொண்ணூற்று மூன்று வீடுகள். அதில் எண்பத்தொன்பது வீட்டாரின் குடும்பப் பெயர் ஷைன். இதுவரை மூன்று தபால்காரர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். நான் இந்தச் சபையின் பதிவாளன். இந்தப் பெயர் எங்களுக்கு எந்த வழியில் வந்தது, இதைத் தாங்கிய பெரியோர் யார் யார் என்று முறைப்படி எழுதிவைப்பது என் பணிக்கு உட்பட்டது. எழுதுகிறேன்.

எங்கள் மாகாணமான கலீசியாவில் உள்ள யூதர்கள் எல்லாரும் வருகிற ஜனவரி முதல் தேதிக்குள் ஜெர்மன் மொழியில் ஆளுக்கொரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியது என்று 1787-ஆம் வருஷம் வியன்னாவிலிருந்து பேரரசரின் உத்தரவு வந்தது. அதுவரை எங்களுக்கு அப்பா பெயரே போதுமானதாக இருந்தது. யாங்கெல் மகன் மோய்ஷே, பெரெல் மகன் மோய்ஷே என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒரு மோய்ஷேயைத் தேடி வந்தால் ஊரில் பதினொரு மோய்ஷே இருப்பார்கள். அவர் தேடி வந்த மோய்ஷே மட்டும் நேற்றுத்தான் வெளியூர் போயிருப்பான். இதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அரசாங்கத்துக்குத் தெரிந்தது.

பெயர் வழங்கும் ஆணையராக நெபோமுக் என்பவர் வந்து சாராயக்கடையின் முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார். பொஹீமியாக்காரர். நேர்மையானவர். ஒரு விதியைக் கண்டால் எழுந்து நிற்பார்.

எங்கள் சபைத் தலைவர் நஃப்தலி, என் கொள்ளுத்தாத்தா, முதல் ஆளாகப் போனார். அவருக்குத் தோல் வியாபாரம். ஊறவைத்த மாட்டுத்தோலின் நாற்றம் அவர் வருவதற்கு முன்னால் வரும். அவர் போன பிறகும் உட்கார்ந்திருக்கும். அவர் வாங்கிக்கொண்ட பெயர் ரோசன்டுஃப்ட். ரோஜா மணம் என்று பொருள்.

அதோடு ஊருக்குப் பித்துப் பிடித்தது. ஆற்றங்கரைக் குள்ளன் லைபிஷ் 'உயர்ந்த மலை' ஆனான். கூரை ஒழுகும் வீட்டு ஸிமல் 'தங்க மாளிகை' ஆனான். சந்தையில் பெண்களுக்கு இதே பேச்சு.

"எங்க வீட்டுக்காரர் வைரம்னு வாங்கிட்டாரு. உங்க வீட்ல?"

"எங்களுது முத்து. வைரம்லாம் இப்போ யாரு வெக்கிறா? அது போன மாசத்துப் பேஷன்."

ஊரில் ஒருவனுக்கு மட்டும் இந்த ஆசை இல்லை. அவன் கெட்செல். வண்டிக்காரன். ஆள் கதவு அகலம் இருப்பான், பேச்சு ஒரு விரற்கடைதான் இருக்கும். சந்தையில் கசகசா ரொட்டி விற்ற ஷைன்டலை அவனுக்கு நிச்சயம் செய்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஆட்கள் கல்யாணம் செய்ய அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதி வாங்க இப்போது குடும்பப் பெயர் வேண்டும். ஆகவே பெயர் வாங்கப் போனான். அவளும் கூடப் போனாள், அவன் வாயைத் திறக்க மறந்துவிட்டால் திறந்துவிடுவதற்காக.

"என்ன பெயர் வேண்டும்?" என்றார் நெபோமுக்.

கெட்செல் ஷைன்டலைப் பார்த்தான். காது சிவந்தது. "ஷைன்," என்றான்.

இந்த இடத்தில் வாசகர் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் இத்திஷ் பேச்சில், எங்கள் பக்கத்து உச்சரிப்பில், ஷைன் என்றால் அழகு. அரசாங்கத்தின் ஜெர்மன் மொழியில் ஷைன் என்றால் அத்தாட்சிச் சீட்டு.

"ஷைனா?" நெபோமுக் பேனாவைக் கீழே வைத்தார். "தெரிந்துதான் கேட்கிறாயா?"

"நாலு வருஷமா தெரியும் எஜமான். காலையில எந்திரிச்சா அந்த நெனப்புதான்."

நெபோமுக்குக்குக் கண் கலங்கியது. முப்பது வருஷப் பணியில் அரசாங்கச் சீட்டின்மேல் இவ்வளவு பிரியம் வைத்த குடிமகனை அவர் பார்த்ததில்லை. 'கெட்செல் ஷைன்' என்று அழகான எழுத்தில் எழுதி, கட்டணம்கூட வாங்காமல் அனுப்பினார். அன்றைக்கே கல்யாண அனுமதி கேட்டு மாகாணத் தலைநகருக்கு ஒரு கடிதமும் எழுதினார். மார்ச்சில் வரும் பூரிம் பண்டிகைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கல்யாணம் என்று ஊரில் நாள் குறித்தார்கள்.

ஜனவரி நடுவில் பதில் வந்தது.

'பார்வையில் காணும் கடிதத்தில் ஷைன் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. ஆனால் மேற்படி ஷைன் கடிதத்துடன் இணைக்கப்படவில்லை. அசல் ஷைனை உடன் இணைத்து அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. மடிக்கக் கூடாது.'

நெபோமுக் அதை மூன்று தடவை படித்தார். பிறகு கெட்செலைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன்னை இணைக்கச் சொல்லி உத்தரவு."

"என்னையா? நான் ஆளுங்க எஜமான். அவங்க கேக்கறது சீட்டு."

"உத்தரவில் ஷைன் என்று இருக்கிறது. லுபிஷ்னாவில் உன்னைத் தவிர வேறு ஷைன் உண்டா?"

"இல்லைங்க."

"பிறகு?"

கெட்செல் கூட வந்தவளின் பக்கம் திரும்பினான். ஷைன்டல்தான் கேட்டாள்: "அவங்க தப்பா புரிஞ்சுக்கிட்டாங்கன்னு ஒரு வரி எழுதிப் போட்டா என்னங்க?"

"அம்மா, மேலிடம் தப்பாகப் புரிந்துகொள்வதாக எழுதுவதற்கு என்னிடம் படிவம் இல்லை."

கெட்செலின் மேல்கோட்டுப் பொத்தானில் அரசாங்கத்தின் கருப்பு மஞ்சள் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைக் கடிதத்தோடு சேர்த்து அரக்கு முத்திரை வைத்தார்கள். சறுக்கு வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றான் கெட்செல். இணைப்பு தன்னைத் தானே ஓட்டிச் செல்ல விதியில்லை என்று நெபோமுக் வேறொரு வண்டிக்காரனை அமர்த்தினார். மடியக் கூடாது என்பதால் நாலு நாள் பயணமும் அவனை நிமிர்த்தி உட்காரவைத்தே கொண்டுபோனார்கள். ஊர் எல்லைவரை ஷைன்டல் பனியில் கூடவே ஓடினாள்.

"பயப்படாதே! கல்யாணத்துக்குள்ள வந்துருவே!"

"குதிரைக்குத் தண்ணி காட்டு," என்றான் கெட்செல். அவனைப் பொறுத்தவரை அது பெரிய காதல் வசனம்.

தலைநகரில் ஆவணக் காப்பாளர் ஷ்வாண்டா கடிதத்தை வாங்கினார். இணைப்பு ஒன்று என்று எழுதியிருந்தது. நூலைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தார். மறுமுனையில் கெட்செல் நின்றான்.

"அளவு கொஞ்சம் பெரிசு," என்று மட்டும் சொன்னார். பதிவேட்டில் 4417 என்று எண் போட்டார். மச்சம், உயரம், விழுந்த பல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கோட்டின் முதுகில் முத்திரை குத்தி, ஈரம் படாத ஓர் அறையில் அலமாரிகளுக்கு நடுவே உட்காரவைத்தார். ஆவணத்துக்குச் சாப்பாடு கொடுக்க நிதி ஒதுக்கீடு கிடையாது. ஆனால் எலிகளைத் தடுக்க வளர்க்கும் பூனைக்கு ரொட்டியும் பாலும் ஒதுக்கீடு உண்டு. ஷ்வாண்டா இரக்கமுள்ளவர், பூனைகளின் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து ஆறாக உயர்த்தி எழுதினார். அந்தப் பாலைக் குடித்துக்கொண்டு கெட்செல் காகிதக் கட்டுகளைத் தூக்கி அடுக்கினான்.

மூன்று வாரம் கழித்து லுபிஷ்னாவுக்கு அடுத்த கடிதம் வந்தது.

'ஷைன் பெறப்பட்டது. பரிசீலிக்கப்பட்டது. குறை ஏதுமில்லை. எனினும் மனுதாரர் இதுவரை நேரில் ஆஜராகாத காரணத்தால் மனு நிலுவையில் வைக்கப்படுகிறது.'

ஷைன்டல் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு ஒரு கூடை கசகசா ரொட்டியும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு, கெட்செலின் குதிரையைப் பூட்டித் தானே ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு பெண் தனியாக வண்டி ஓட்டுவது முறையல்ல என்று என் கொள்ளுத்தாத்தா தடுத்துப் பார்த்தார்.

"அப்போ நீங்க ஓட்டிட்டு வாங்க, ரோஜா மணம்," என்றாளாம்.

காப்பகத்தில் கெட்செல் மெலிந்து போயிருந்தான். அதைவிட மோசமாக, அவனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்திருந்தது.

"ஷைன்டல், மொதல்ல நான் ஆளுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். இவங்க யாருமே ஒத்துக்கல. இவ்வளவு படிச்சவங்க அத்தனை பேரும் தப்பாவா சொல்வாங்க?"

அவள் கொண்டுவந்த போர்வையை அவன்மேல் போர்த்தி, ஒரு ரொட்டியைக் கையில் திணித்தாள். பிறகு ஷ்வாண்டாவின் மேஜைக்குப் போனாள்.

"ஐயா, இவரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"அசல் ஆவணத்தைக் காப்பகத்திலிருந்து வெளியே விட விதியில்லை அம்மா."

"எப்பவுமேவா?"

"காப்பகம் தீப்பிடித்தால் விடலாம்."

அவள் அடுப்பைப் பார்த்தாள். ஷ்வாண்டா அவசரமாக, "வேண்டுமானால் நகல் தரலாம். சான்றொப்பமிட்ட மெய்நகல். எல்லாக் காரியத்துக்கும் செல்லும்," என்றார்.

"நகல் எப்படி இருக்கும்?"

"அசலைப் போலவே. ஒன்று கூடாது, ஒன்று குறையாது."

"அப்படி ஒரு நகலை நானே கொண்டுவந்தா ஒத்துப் பாத்து கையெழுத்துப் போடுவீங்களா?"

"அதற்குத்தானே சம்பளம்."

ஷைன்டல் கெட்செலை இழுத்து முன்னால் நிறுத்தினாள். "இதோ நகல்."

ஷ்வாண்டா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இது அசல் மாதிரியல்லவா இருக்கிறது?"

"நல்ல நகல்னா அப்படித்தானே இருக்கணும்?"

"அப்படியானால் அசல் எங்கே?"

"என்னைக் கேட்டா? நீங்கதான் வாங்கி வெச்சீங்க. நம்பர் 4417. ஒங்க பதிவேட்டுல உள்ளதான் இருக்கு. இல்லேன்னா சொல்லுங்க, காணாமப் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க, நான் போயிர்றேன்."

ஷ்வாண்டாவின் நெற்றி வியர்த்தது. அவர் ஓய்வுபெற பதினாலு மாதம் இருந்தது. அசல் காணாமல் போனதாக எழுதினால் ஓய்வூதியமும் காணாமல் போகும். பதிவேட்டைத் திறந்தார். மச்சத்தை ஒத்துப் பார்த்தார். உயரத்தை அளந்தார். வாயைத் திறக்கச் சொல்லி விழுந்த பல் விழுந்தே இருக்கிறதா என்று பார்த்தார்.

"இடுப்பு அசலைவிட ரெண்டு விரல் குறைகிறது," என்றார்.

"பூனைப் பால் குடிச்சா அப்படித்தான் ஆகும்."

"சரி, பிரதி எடுக்கும்போது ஏற்பட்ட தேய்மானம்," என்று எழுதி, 'ஒத்துப் பார்க்கப்பட்டது, மெய்நகல்' என்று கோட்டின் மார்பில் முத்திரை குத்தினார். நகல் மனுதாரராக ஆஜராகக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லாததால், கல்யாண அனுமதியும் அன்றைக்கே கிடைத்தது. ஷைன்டல் ரொட்டிக் கூடையை அவரிடம் கொடுத்துவிட்டு, "பூனைங்களுக்கு," என்றாள்.

ஊருக்கு வந்தபோது என் கொள்ளுத்தாத்தா ஓர் ஐயத்தைக் கிளப்பினார். நகலுக்குச் செய்யும் கல்யாணம் செல்லுமா? வழக்கு எங்கள் மதகுரு ரப்பியிடம் போனது. அவர் தாடியைத் தடவி யோசித்துச் சொன்னார்: "மனுஷனையே ஆண்டவரோட சாயல்லதான் படைச்சிருக்கு. நாம எல்லாருமே நகல்தான் நஃப்தலி. அசலை இதுவரை எவன் பாத்திருக்கான்? போய் பந்தல் கம்பத்தைப் பிடி."

குறித்த செவ்வாய்க்கிழமையே கல்யாணம் நடந்தது. அன்று கெட்செல் ஆடினான் என்று பதிவேட்டில் இருக்கிறது. தரைப்பலகை ரெண்டு உடைந்ததாகவும் இருக்கிறது.

அந்த வருஷம் துருக்கியோடு சண்டை. படைக்குச் சாமான் வண்டி ஓட்ட எங்கள் ஆட்களையும் பிடிக்கலாம் என்று உத்தரவாயிற்று. ஒரு கேப்டன் லுபிஷ்னாவுக்கு வந்தார். வண்டிக்காரன் என்றதும் முதலில் கெட்செல் வீட்டுக்குத்தான் போனார். கெட்செல் கோட்டைக் காட்டினான்.

"மெய்நகலா?" கேப்டன் குழம்பினார். "படைக்கு நகலை எடுக்க முடியாது. நகல் செத்தால் கணக்கில் யாரை எழுதுவது? அசல் எங்கே?"

"தலைநகர் காப்பகத்துல இருக்காருங்க," என்றாள் ஷைன்டல். "ரொம்ப பத்திரமா இருக்காரு."

கேப்டன் காப்பகத்துக்கு எழுதினார். அசலை வெளியே விட விதியில்லை என்று பதில் வந்தது. கேப்டன் மறுபடி எழுதினார். இந்தக் கடிதப் போக்குவரத்து சண்டை முடிந்து இருபத்தாறு வருஷம் வரை நடந்தது.

இது போதாதா? ஒரே வாரத்தில் ஊரில் தங்கமும் வைரமும் விலை போகவில்லை. எல்லோருக்கும் ஷைன் வேண்டும். என் கொள்ளுத்தாத்தா தன்னையும் சேர்த்து எண்பத்தெட்டு குடும்பத் தலைவர்களைத் திரட்டிக்கொண்டு நெபோமுக்கிடம் போனார்.

"பெயர் மாற்றம் கண்டிப்பாகத் தடை," என்றார் நெபோமுக். "எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் திருத்தலாம்."

"எழுத்துப்பிழைதான் எஜமான். ரோசன்டுஃப்ட்னு எழுதியிருக்கு. ஷைன்னு எழுதியிருக்கணும்."

"இதில் எந்த எழுத்து பிழை?"

"எல்லா எழுத்தும்தான் எஜமான்."

நெபோமுக் விதியைப் பார்த்தார். எத்தனை எழுத்து வரை திருத்தலாம் என்று அதில் இல்லை. எண்பத்தெட்டு வீட்டையும் திருத்தினார். ஊரே ஷைன் ஆகித் திரும்பிவந்தது. சாராயக்கடையில் பாட்டு.

ஷைன்டல் மட்டும் சந்தையில் என் கொள்ளுத்தாத்தாவை நிறுத்திக் கேட்டாள்: "நஃப்தலி ஐயா, அவருக்கு விலக்கு கெடச்சது பேராலயா, முத்திரையாலயா? யோசிச்சுத்தான் செஞ்சீங்களா?"

"ஒனக்குப் பொறாமை. ஒன் பேரு எங்களுக்கும் கெடச்சிருச்சுன்னு."

மறுநாள் கேப்டன் வந்தார். வீடு வீடாகக் கதவைத் தட்டினார். ஷைன், ஷைன், ஷைன். இவர்களில் யாருடைய அசலும் காப்பகத்தில் இல்லை. முத்திரை யாருக்குமில்லை. கேப்டனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"எல்லாம் அசல்! எல்லாம் கையிருப்பில்!"

பன்னிரண்டு இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனார். அதில் ஒருவன் நஃப்தலியின் மூத்த மகன் ஹெர்ஷ். குதிரையின் எந்தப் பக்கம் தலை என்று அவனுக்குத் தெரியாது. அவனுடைய அம்மா வாசற்படியில் உட்கார்ந்தவள், அறுவடைக் காலம்வரை எழுந்திருக்கவில்லை.

ரெண்டு வருஷம் கழித்து ஒன்பது பேர் திரும்பினார்கள். கால் முறிந்து எல்லைப்புற ஊரில் ஹெர்ஷ் கிடப்பதாகத் தகவல் வந்தபோது, கெட்செல்தான் யாரும் சொல்லாமல் வண்டியைப் பூட்டிப் போய், வைக்கோலில் படுக்கவைத்து அவனைக் கொண்டுவந்து சேர்த்தான். கூலி வாங்கவில்லை. என் கொள்ளுத்தாத்தா மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் தலை நிமிர்ந்து ஊரைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா? பேரரசரே நம்ம வீட்டை அசல்னு ஒத்துக்கிட்டார். எல்லா வீட்டுக்கும் கெடைக்குமா இது?"

அன்றிலிருந்து எங்கள் ஊரில் ரெண்டு வகை ஷைன் உண்டு. எண்பத்தெட்டு வீடு அசல். ஒரு வீடு நகல். கெட்செலின் மகளுக்கு வரன் பார்த்தபோது கல்யாணத் தரகர் ஃபைவிஷ், "பொண்ணு லட்சணம், கை சுத்தம், குணம் தங்கம். ஆனா பாருங்க, நகல் வீடு," என்று கையை விரித்தார். ஷைன்டல் வெளியூரில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாள்.

பெயரைத் தாங்கிய பெரியோர் பற்றியும் எழுதவேண்டும். அசல் ஷைன்களில் புகழ்பெற்றவர்கள்: பத்திரிகைகளுக்கு நாற்பது வருஷம் கடிதம் எழுதிய யோனா ஷைன்; அவற்றில் ஒன்று பிரசுரமானது. மற்றும், அடக்கத்தோடு சொல்கிறேன், நான். நகல் ஷைன்களில் ஒரு வயலின் வித்வான், கணித நூல் எழுதிய ஒருவர், தலைநகர் மருத்துவமனையில் தொண்டை நோய்க்குப் பெயர்போன டாக்டர் இஸிடோர் ஷைன் ஆகியோர் உண்டு. ஆனால் அவர்கள் நகல்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் சின்ன மகள் ரெய்ட்ஸாவுக்குத் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் நிலை. நான் தந்தி கொடுத்தேன். டாக்டர் இஸிடோர் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அன்றைய ரயிலிலேயே வந்தார். மூன்று நாள் அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. பிழைத்தாள். போகும்போது அவர் தயங்கிச் சொன்னார்: "என் தம்பியும் உங்க பெரிய பொண்ணு ஃப்ராதலும் இந்த மூணு நாள்ல பேசிப் பழகியிருக்காங்க. நீங்க சம்மதிச்சா..."

நான் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் நீரோடு சொன்னேன்: "டாக்டர், நீங்க தெய்வம். எங்க உயிரையே கேட்டாலும் தருவேன். ஆனா எங்களுது அசல் வீடு."

அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். ஃப்ராதல் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ஒரு மாதம் கழித்து, "அப்பா, நான் போறேன். ரெய்ட்ஸாவைப் பாத்துக்கோங்க," என்றாள். போய்விட்டாள். தலைநகரில் கல்யாணம் நடந்தது. என்னை அழைத்தார்கள். நான் போகவில்லை. அலமாரியிலிருந்து நல்ல கோட்டை எடுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டிவைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது ரெய்ட்ஸாவுக்கு வரன் பார்க்கும் வயது. ஒரு தரகரும் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. நகல் வீட்டோடு சம்பந்தம் வைத்த வீடு அசல் ஆகாது என்று எண்பத்தேழு குடும்பத் தலைவர்களும் கூடித் தீர்மானித்தார்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் நான்தான் எழுதினேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

ஜெபக்கூடத்தில் கிழக்குச் சுவரோரம் பெரியவர்கள் வரிசையில் இருந்த என் இடத்தையும் மாற்றிவிட்டார்கள். போன ஓய்வுநாளில் கடைசி பெஞ்சுக்குப் போனேன். அங்கே கெட்செலின் பேரன்கள் ரெண்டு கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதவு அகலம். ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவர் மூக்குப்பொடி டப்பியைத் திறந்து நீட்டினார்.

"எடுத்துக்குங்க சம்பந்தி. குளிருக்கு நல்லாருக்கும்."

எடுத்துக்கொண்டேன். நல்ல பொடி. ஆனாலும் ஓர் அசல் ஷைன் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டுமோ அப்படித்தான், ரெண்டே விரலால், எடுத்துக்கொண்டேன்.